“காட்சி கொள்ளாம், கதைதான் பழசு”: பிரம்மாண்டப் படங்களைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022 டிசம்பரில் ‘அவதார்: தி வே ஆஃப் வாட்டர்’ வந்தபோது நாகர்கோவிலில் இரவுக் காட்சி பார்த்துவிட்டு, வடசேரி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடையில் நாங்கள் ஐந்து பேர் நின்றோம். “படம் கொள்ளாமா மக்கா?” என்று கடைக்காரர் கேட்டார். (‘கொள்ளாம்’ என்றால் எங்கள் ஊரில் ‘நன்றாக இருக்கிறது’ என்று பொருள்.) “காட்சி எல்லாம் கொள்ளாம் அண்ணே, கதைதான் பழசு” என்றான் எங்களில் ஒருவன். மற்ற நாலு பேரும் தலையாட்டினோம். பேச்சு அத்தோடு தீர்ந்து, ரசவடையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டோம்.

192 நிமிடம் ஓடும் படம் அது. பல வருஷம் பல நூறு பேர் உழைத்து எடுத்தது. அதைப் பற்றி எங்களுக்குச் சொல்ல இருந்தது ஒரே ஒரு வரி. அந்த வரி பொய்யில்லை. ஆனால் எந்தக் காட்சி கொள்ளாம், கதையில் எந்த இடம் பழசு என்று யாராவது கேட்டிருந்தால் ஐந்து பேருமே திணறியிருப்போம். அதற்கப்புறம் இந்த மாதிரிப் படங்களைப் பற்றி நண்பர்களும் வீட்டிலுள்ளவர்களும் பேசுவதைக் கவனித்துக் கேட்கத் தொடங்கினேன். திரும்பத் திரும்ப ஒரே தவறுகளைத்தான் செய்கிறோம்.

கதை முன்பே தெரிந்தது என்பதையே குறையாகச் சொல்வது

நம் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சுடலைமாடன் கதையோ முத்தாரம்மன் கதையோ, பந்தலில் இருக்கும் எல்லாருக்கும் சிறுவயதிலிருந்தே தெரிந்ததுதான். பாடுகிறவர் அடுத்து எங்கே போவார் என்று என் பாட்டி பக்கத்திலிருப்பவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவாள். ஆனாலும் வீசுகோல் வில்லில் விழுந்து மணிகள் குலுங்கி, குடமும் உடுக்கையும் சேர்ந்துகொண்டு, பின்பாட்டுக்காரர் “ஆமா” போடும்போது முந்தானையால் கண்ணைத் துடைப்பதும் அவள்தான். அந்த இடம் வரப் போகிறது என்று தெரிந்திருப்பதால்தான் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வரும்.

அதனால், ஊகிக்க முடிந்தது என்பதையும் சலிப்பாக இருந்தது என்பதையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்தும் அந்த ஆளுக்காக மனசு பதறியதா என்று கேட்டுப் பாருங்கள். பதறியிருந்தால் கதை தெரிந்ததில் நஷ்டம் எதுவுமில்லை. பதறவில்லை என்றால் எந்த இடத்தில் அந்த ஆளை விட்டு மனசு விலகியது என்று தேட வேண்டும். விமர்சனம் அங்கேதான் தொடங்குகிறது. ‘யூகிச்சுட்டேன்’ என்பது நம்முடைய சாமர்த்தியத்தைப் பற்றித்தான் சொல்கிறது.

“எங்கேயோ கேட்ட கதை” என்று சொல்லி மூடிவிடுவது

2009-இல் வந்த முதல் ‘அவதார்’ படத்தின் கதையை எல்லாருக்கும் தெரியும். கனிமம் தேடி வேறொரு உலகத்துக்குப் போகிறது ஒரு கம்பெனி. அதற்காகப் போன ஒரு முன்னாள் படைவீரன் அந்த மண்ணின் மக்களோடு சேர்ந்துகொண்டு, தன்னை அனுப்பியவர்களையே எதிர்த்துப் போரிடுகிறான். வெளியே வந்ததும் இது அந்தப் படம், அது இந்தப் படம் என்று பட்டியல் போடுகிறோம். நம் குமரி மாவட்டத்துக்காரர்கள் அதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம், தக்கலை வரை போனால் போதும்.

புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டைக்குள் டி லனாய் கல்லறை இருக்கிறது. மிளகு வியாபாரத்துக்காக வந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் இருந்தவர் அவர். 1741-இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுச் சிறைப்பட்டார். அப்புறம் அதே மன்னருடைய படைக்குப் பயிற்சி கொடுத்தார், கோட்டைகளைப் பலப்படுத்தினார், திருவிதாங்கூர் படைக்கே தலைமை ஏற்றார். ‘வலிய கப்பித்தான்’ என்று அவரை அழைத்தார்கள். 1777-இல் இங்கேயே இறந்தார். கல்லறை மேல் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. மனைவியின் கல்லறையும் மகனின் கல்லறையும் பக்கத்திலேயே இருக்கின்றன.

கம்பெனிப் படையில் வந்தவன் பக்கம் மாறுவது இங்கே குளச்சல் கடற்கரையிலேயே நடந்த கதை. பழைய கதை என்பதாலேயே அது சத்தற்றுப் போய்விடாது. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் படத்தின் உண்மையான பலவீனம் தெரிகிறது. டி லனாய் தோற்று, பிடிபட்டு, சொந்த ஊருக்குத் திரும்பாமலேயே இருந்து, தன் பிள்ளையையும் இந்த மண்ணில் புதைத்தவர். அவர் பக்கம் மாறியதற்குக் கொடுத்த விலை கல்லில் தெரிகிறது. படத்தில் அந்த முன்னாள் படைவீரன் ஜேக் சல்லிக்கு இழக்கப் பெரிதாக ஒன்றுமில்லை. இரட்டைச் சகோதரன் முன்பே இறந்துவிட்டான். பூமியில் நடக்க முடியாத கால், அந்த மண்ணின் மக்களைப் போன்ற புது உடம்பில் ஓடுகிறது. அப்படிப்பட்டவன் எந்தப் பக்கம் போவான் என்று யார்தான் ஊகிக்க மாட்டார்கள்? அவன் போவதற்குப் பெரிய தடையாக எதையும் வைக்கவில்லை என்பதுதான் திரைக்கதை மேல் நான் வைக்கும் குறை. ‘காப்பி’ என்று சொல்வதைவிட இப்படிச் சொல்வது படத்துக்கும் நியாயம், கேட்பவருக்கும் உபயோகம்.

இரண்டாம் பாகம் பார்த்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா மகனை அந்தக் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கதை முழுவதையும் கேட்டுவிட்டு, “இவரு கூட கப்பல்ல வந்தவங்களுக்கு இவரு மேல கோவம் வராதா மாமா?” என்று கேட்டான். பத்து வயசுப் பையன். படம் ஆழமாகக் கேட்காத கேள்வி அது.

“விஷுவல் வேற லெவல்” என்பதோடு நிறுத்திக்கொள்வது

என் நண்பனின் மாமா குளச்சல்காரர். சின்ன வயசிலிருந்து கடலுக்குப் போகிறவர். இரண்டாம் பாகத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போயிருந்தோம். படம் முடிந்து வெளியே வந்ததும் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “தண்ணிக்குள்ள முடி அலையுறதப் பாத்தியா? மேல வந்து மூச்சு வாங்குறதப் பாத்தியா? நெசமாவே தண்ணியில எறங்காம அது வராது மக்கா.”

அவர் சொன்னது முழுக்கச் சரி. கடல் காட்சிகளுக்காக நடிகர்கள் பெரிய தொட்டியில் இறங்கி, மூச்சடக்கித்தான் நடித்தார்கள். நடிகை கேட் வின்ஸ்லெட் ஏழு நிமிடத்துக்கு மேல் மூச்சடக்கப் பழகினார். மேலேயிருக்கும் விளக்குகளின் வெளிச்சம் தண்ணீருக்குள் இறங்கிப் படப்பதிவைக் கெடுக்காமலிருக்க, நீர்ப்பரப்பு முழுக்க வெள்ளைப் பந்துகளை மிதக்கவிட்டார்கள். அந்த உடல் அசைவுகளை எடுத்துக்கொண்டுதான் கணினியில் நீல மனிதர்களை உருவாக்கினார்கள். இதையெல்லாம் எங்கேயும் படிக்காமல், பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டார் மாமா. ‘எல்லாம் கம்ப்யூட்டர்லதானே பண்றான்’ என்று தள்ளிவிடுகிறவர்கள் அவரிடம் பாடம் கேட்க வேண்டும்.

அடுத்து அவர் ஒன்று சொன்னார். “எல்லாஞ் சரி. ஆனா மூணு மணி நேரத்துல வெறுங்கையோட கரைக்கு வந்த ஒருத்தனையும் காணலியே. அந்தக் கடலு யாரையும் பட்டினி போடலியே.”

இப்படி ஒரு விமர்சனத்தை நான் வேறு எங்கும் கேட்டதில்லை. அழகான கடல், ஆனால் மனிதனுக்கு எதிராக அது பெரிதாக எதையும் செய்வதில்லை. அதனால் சண்டை என்று ஒன்று வந்தால் அது வில்லனிடமிருந்துதான் வரும் என்று நமக்கு முதலிலேயே தெரிந்துவிடுகிறது. காட்சியின் அழகையும் கதையின் குறையையும் மாமா ஒரே பேச்சில் சேர்த்துவிட்டார். நாமோ ‘காட்சி’ என்று ஒரு டப்பா, ‘கதை’ என்று ஒரு டப்பா வைத்துக்கொண்டு தனித்தனியாக மார்க் போடுகிறோம்.

விருதுகளைக் காட்டி வாதாடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. முதல் படம் ஒன்பது ஆஸ்கர் பிரிவுகளில் பரிந்துரைக்கப்பட்டு மூன்றை வென்றது. ஒளிப்பதிவு, கலை இயக்கம், விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆகியவையே அந்த மூன்று. திரைக்கதைக்கு அதற்குப் பரிந்துரை கூடக் கிடைக்கவில்லை. ஆஸ்கர் வாங்கியிருக்கிறது என்பதால் கதையைக் குறை சொல்லக் கூடாது என்று வாயை அடைப்பது சரியில்லை.

தியேட்டரின் குறையைப் படத்தின் தலையில் போடுவது

இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். முதலில் பார்த்த தியேட்டரில் கொடுத்த 3டி கண்ணாடியில் கீறல், விரல் ரேகை வேறு. ராத்திரிக் காட்சிகள் ஒரே இருட்டு. “ஒளிப்பதிவு சுமார், ஒண்ணும் தெரியல” என்று வாட்ஸ்அப்பில் எல்லாருக்கும் அனுப்பிவிட்டேன். பத்து நாள் கழித்து திருவனந்தபுரத்துக்குப் போய் மறுபடி பார்த்தேன். அதே ராத்திரிக் காட்சியில் தண்ணீருக்கடியில் செடிகள் தனித்தனியாக மினுங்குவது தெரிந்தது. முன்பு அனுப்பிய எல்லாருக்கும் திரும்ப எழுதித் திருத்தினேன்.

காரணம் எளிது. சாதாரணப் படத்துக்குத் திரையில் 14 ஃபுட்-லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்க வேண்டும் என்பது டிஜிட்டல் சினிமாவின் அளவு. 3டியில் கருவியும் கண்ணாடியும் வெளிச்சத்தைப் பங்குபோட்டுக்கொள்வதால் கண்ணுக்கு வந்து சேருவது பல அரங்குகளில் அதில் மூன்றில் ஒரு பங்குதான். புரொஜெக்டர் விளக்கு பழசாகியிருந்தால் இன்னும் மங்கும். ஆகவே கண்ணாடியை வாங்கியதும் கைக்குட்டையால் துடையுங்கள். ரொம்ப இருட்டாக இருந்தால் எழுந்து போய்ச் சொல்லுங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் ‘இந்தத் தியேட்டரில் இருட்டாக இருந்தது’ என்றே எழுதுங்கள்.

எல்லாமே தியேட்டரின் தவறும் அல்ல. இரண்டாம் பாகத்தில் சில இடங்கள் டிவி சீரியல் மாதிரி வழுவழுப்பாக இருந்ததாகப் பலர் சொன்னார்கள். வழக்கமாக நொடிக்கு 24 பிரேம் ஓடும் படத்தில் சில காட்சிகளை 48 பிரேமில் காட்டியதால் வந்தது அது. இயக்குநர் ஜேம்ஸ் கேமரூன் வேண்டுமென்றே எடுத்த முடிவு. எனக்கு அது தண்ணீருக்குள் பிடித்தது, தரையில் நடக்கும் காட்சிகளில் உறுத்தியது. இந்தக் குறையைத் தாராளமாகப் படத்தின் மேலேயே வைக்கலாம்.

இன்டர்வலில் தீர்ப்பு சொல்வது

ஹாலிவுட் படங்களை இடைவேளை வைத்து எழுதுவதில்லை. பாப்கார்ன் விற்க வேண்டும், நமக்கும் எழுந்திருக்க வேண்டும் என்பதால் இங்கே ஓரிடத்தில் நிறுத்துகிறார்கள். “இன்டர்வல் பிளாக்கே இல்லியே” என்பது படத்துக்குச் சம்பந்தமில்லாத குறை. டப்பிங்கும் அப்படித்தான். தமிழில் பார்த்துவிட்டு வசனம் மொக்கை என்றால், தமிழில் பார்த்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம் மாவட்டத்தில் ஒரே வீட்டில் ஒருவர் தமிழிலும் ஒருவர் மலையாளத்திலும் ஒருவர் ஆங்கிலத்திலும் அதே படத்தைப் பார்த்திருப்பார்கள். மூன்று பேரும் கேட்ட வசனம் வேறு வேறு.

“எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே” என்று முடிவைச் சொல்லிவிடுவது

இதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. முடிவை ஊகிக்க முடிகிறது என்றால் நாம் இதுவரை நூறு படம் பார்த்திருக்கிறோம் என்று பொருள். பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு இது மூன்றாவது படமாக இருக்கலாம். கோட்டையில் கேள்வி கேட்ட அதே அக்கா மகன் இரண்டாம் பாகம் பார்த்த அன்றைக்கு எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். கப்பல் சண்டை தொடங்கியதுமே அந்தக் குடும்பத்தில் யார் பிழைக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு இந்தப் பக்கம் இருந்த நண்பன் குனிந்து அதைச் சத்தமாகச் சொல்ல வாயெடுத்தான். நான் அவன் தொடையைத் தட்டி நிறுத்தினேன். பையன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மங்கலாக இரட்டையாகத் தெரிந்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணீரில் கண்ணாடி நனைந்திருந்தது. ஒரு கையால் என் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்திருந்தான். வண்டி ஏறி வீட்டுக்குப் போகும் வரைக்கும் படத்தைப் பற்றி யாரும் ஒன்றும் பேசவில்லை.