அலுமினியத்தில் ஆர்க் அடிக்கும் முன்

போன மாதம் தலவாக்கலைத் தம்பி ஒருவன், வீட்டுக் கொட்டகையில் டிக் வெல்டிங்கில் (டங்ஸ்டன் முனையில் ஆர்க் அடித்து உருக்கி ஒட்டும் முறை) தானே செய்த அலுமினிய இன்டேக் மெனிஃபோல்டை, அதாவது எஞ்சினுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் குழாய்த் தொகுதியைக் கொண்டுவந்து காட்டினான். கை நல்ல கை. ஆனால் வெல்டில் கிரைண்டரை ஒரு இழுப்பு இழுத்ததும் உள்ளே குண்டூசி முனை அளவில் வரிசையாக ஓட்டைகள். "வெளியே நல்லாத்தானே இருந்துச்சு, அண்ணே" என்றான். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னேன். மெஷினை ஏசி மின்னோட்டத்தில் போட வேண்டும், டங்ஸ்டன் முனை உலோகத்தில் முட்டக் கூடாது என்பதெல்லாம் பழகப் பழக வந்துவிடும். அதை விடுகிறேன்.

ஈரத்தோடும் எண்ணெயோடும் வெல்ட் பண்ணுவது

உருகிய அலுமினியம் ஹைட்ரஜனை இழுத்துக்கொள்ளும். உறையும்போது அதை வைத்திருக்க முடியாமல் வெளியே தள்ளும். வழி கிடைக்காத வாயு குமிழியாக உள்ளேயே மாட்டிக்கொள்ளும். ஈரம், எண்ணெய் இரண்டிலும் ஹைட்ரஜன் இருக்கிறது. நமக்கோ ஜூன், ஜூலையில் பனிமூட்டம் கொட்டகைக்குள்ளேயே வந்து நிற்கும். இரவு முழுக்கக் குளிர்ந்து கிடந்த பாகத்திலும், வெல்டில் உருக்கிச் சேர்க்கும் கம்பியான ரொட்டிலும் கண்ணுக்குத் தெரியாமல் நீர் படிந்திருக்கும்.

அப்படி ஒரு ஜூலைக் காலையில்தான் மரக்கறி லொறி ஒன்றுக்குத் தண்ணீர் அவுட்லெட் செய்தேன். பழைய வார்ப்பு ஃபிளேன்ஜை (பொல்ட் பூட்டும் தட்டை விளிம்பு) வெட்டி, புதுக் குழாயை வைத்து ஒட்டினேன். துணியால் துடைத்ததோடு சரி. காசு அடுக்கியது போல வெல்ட் விழுந்தது. லொறி சாமான் இறக்கிவிட்டுத் திரும்பும்போது றம்பொடை ஏற்றத்தில் கூலன்ட் முழுவதும் கசிந்து, எஞ்சின் கொதித்து, ஹெட் வளைந்துவிட்டது. ஹெட் சீவிய கூலி, கேஸ்கெட், ஓட்டம் நின்ற நாட்கள் எல்லாவற்றுக்கும் நான்தான் கொடுத்தேன். இன்றும் அந்த வளைவைக் கடக்கும்போது எரிச்சல் வரும்.

பழைய வார்ப்பு எண்ணெயைக் குடித்து வைத்திருக்கும். அசிட்டோனால் கழுவி, அது முழுக்கக் காய்ந்த பிறகு மட்டும் கேஸ் டோர்ச்சால் சூடாக்குங்கள். முதலில் மேலே ஒரு மங்கல் படியும்; சுவாலையிலிருந்தே வரும் ஈரம் அது. அது மறைந்த பிறகும் சூடாக்கினால் எண்ணெய் வேர்வை போலக் கசியும், புகையும். துடைத்துவிட்டு மறுபடி சூடாக்குங்கள், புகை நிற்கும்வரை. ஒரு துளி தண்ணீர் விட்டால் சுர்ரென்று பொரிய வேண்டும். பிறகு அலுமினியத்துக்கென்றே ஒதுக்கிய ஸ்டெயின்லெஸ் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். அலுமினியம் 660 பாகையில் உருகும். மேலே படிந்திருக்கும் ஒக்சைட்டோ 2000 பாகை தாண்டினால்தான் உருகும். அதை எடுக்கத்தான் இந்தத் தேய்ப்பு.

வெல்ட் பண்ணும்போது கறுப்புப் புள்ளி மிதந்தால் நிறுத்தி, அரைத்து எடுங்கள். மேலும் ரொட் போட்டு மூடாதீர்கள். கோபமே எனக்கு அதில்தான்.

ரொட்

சூடேறும் எஞ்சின் பாகத்துக்கு 4043 என்ற எண்ணுள்ள ரொட். 5356 ரொட்டில் போட்ட வெல்ட் தொடர்ந்து 65 பாகைக்கு மேல் சூட்டில் இருந்தால் நாளடைவில் விரிசல் விடக்கூடும்.

வாயு

வெல்டில் காற்றுப் படாமல் மூடும் வாயு சுத்த ஆர்கனாக இருக்க வேண்டும். காபனீரொட்சைட்டு கலந்தது கூடவே கூடாது.

பிரேக் க்ளீனர்

குளோரின் சேர்ந்த க்ளீனரால் துடைத்த இடத்தில் ஆர்க் அடித்தால் ஃபொஸ்ஜீன் வாயு வரும். ஆளைக் கொல்லும்.

ஃபிளேன்ஜ்

சூட்டில் வளையாமல் இருக்கத் தடித்த பிளேட்டில் பொல்ட் பண்ணி வெல்ட் பண்ணுங்கள், ஆறும்வரை கழற்றாதீர்கள். முகத்தை அதற்குப் பிறகு சீவலாம்.

சோதிக்காமல் பூட்டுவது

துளைகளை அடைத்து, கொஞ்சமாகக் காற்று ஏற்றி, தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். தம்பியின் மெனிஃபோல்டில் மூன்று இடத்தில் குமிழி வந்தது. மூன்றையும் அரைத்து எடுத்துவிட்டான். இப்போது அது எங்கள் அடுப்படியில் காய்கிறது.