நிச்சயதார்த்த மோதிரத்துக்கு வைரம் தெரிவுசெய்தல்

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ, நகைக்கடை விளக்கின் கீழ் எந்தக் கல்லும் மின்னும் என்பதால், வைரத்தை வாசலுக்குக் கொண்டுவந்து பகல் வெளிச்சத்தில் பார்க்க அனுமதி கேளுங்கள். எடையைவிட வெட்டே முக்கியம். வைரத்தில் ஒரு காரட் என்பது 0.2 கிராம் எடை மட்டுமே. வெட்டுப் பிழைத்த பெரிய கல் நடுவில் இருண்டு கிடக்க, நன்றாக வெட்டிய அரைக் காரட் கல் சிறு கையசைவிலேயே ஒளிரும்.

நிறத்தை, நிறமற்ற டி முதல் மஞ்சள் சாயல் தெரியும் இசட் வரை தரம் பிரிப்பார்கள். மஞ்சள் பொன்னில் பதிப்பதாயின் ஜே தரமே போதும் என்பது என் எண்ணம். தெளிவில், வெறுங்கண்ணுக்குக் குறை தெரியாவிட்டால் சரி.

‘மாத்தறை வைரம்’ என்பது வைரமன்று, நிறமற்ற சிர்க்கோன் என்னும் வேறொரு கல். பத்து மடங்கு உருப்பெருக்கும் கண்ணாடியைக் கேட்டு வாங்கி, கல்லைச் சற்றுச் சரித்து, மேல்முகத்தினூடாக அடிப்பக்க விளிம்புகளைப் பாருங்கள்: அவை இரட்டைக் கோடுகளாகத் தெரிந்தால் கல் சிர்க்கோனாகவோ, வைரம்போல் தோன்றும் செயற்கைக் கல்லான மொய்சனைட்டாகவோ இருக்கலாம், வைரத்தில் ஒற்றையாகவே தெரியும்.

ஜி.ஐ.ஏ. (அமெரிக்க இரத்தினக்கல் நிறுவனம்) போன்ற ஆய்வகத்தின் சான்றிதழ் இலக்கம் கல்லின் இடுப்பு விளிம்பில் லேசரால் பொறிக்கப்பட்டிருந்தால், கல்லிலுள்ள இலக்கத்தையும் சான்றிதழிலுள்ளதையும் ஒப்பிட்ட பின்னரே முற்பணம் கொடுங்கள். பொன்னில் காரட் என்பது எடையன்று, தூய்மையின் அளவு; 22 காரட் பொன் மென்மையானது என்பதால், கல்லைப் பிடிக்கும் கவ்விகளை 18 காரட்டில் செய்யச் சொல்லுங்கள்.