ஹைலக்ஸ் பின் டிஃப்புக்கு எல்எஸ்டி போடுறது எப்பிடி: கழட்ட முதல் அளவெடுங்க

நிலாவெளிப் பக்கம் போட் இழுக்கிற பிக்கப் ஒண்டு மணலுக்க இறுகினதை கிட்ட நிண்டு பார்த்திருக்கிறீங்களா, நாலு பேர் பின்னால தள்ள ட்ரைவர் மிதிக்க, இடது பக்க ரயர் மட்டும் மணலை வாரி எறிஞ்சு தனக்குத்தானே குழி தோண்டிக்கொண்டிருக்கும், வலது பக்க ரயர் ஒரு கால் சுத்துக் கூட சுத்தாம அப்பிடியே நிக்கும். எஞ்சினில பலம் இல்லாம இல்ல. டிஃப் எண்டா டிஃபரன்ஷியல், எஞ்சின் பலத்தை ரெண்டு பின் ரயருக்கும் பிரிச்சுக் குடுக்கிற பல்லுப் பெட்டி. சாதாரணமா வாற ஓப்பன் டிஃப் எண்டா ரெண்டு பக்கத்துக்கும் எப்பவும் ஒரே அளவு பலத்தைத்தான் குடுக்கும், அப்ப வழுக்கிற ரயர் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் நல்ல பிடி இருக்கிற ரயருக்கும் போகும். மார்கழி மழைக்க தம்பலகாமத்து வயல் வரம்பில இறங்கினாலும் இதே கதைதான்.

என்ர ரெண்டு வீல் ட்ரைவ் ஹைலக்ஸுக்கு நான் எல்எஸ்டி மாத்தினன், அதாவது லிமிட்டட் ஸ்லிப் டிஃபரன்ஷியல், ஒரு ரயர் மட்டும் சும்மா சுத்துறதைக் கட்டுப்படுத்திற டிஃப். எட்டு இஞ்ச் டிஃப், பின் அக்சில்ல முன்பக்கமா முழுசா கழண்டு வாற வகை, அதால வேலையை மேசையில வச்சு ஆறுதலா செய்யலாம். கீழ சொல்லுற அளவெல்லாம் அந்த டிஃப்புக்குரியது, உங்கட வண்டி வேற எண்டா அதுக்குரிய ரிப்பேர் புத்தகத்தில இருக்கிற அளவைத்தான் எடுக்க வேணும், என்ர அளவைப் போடாதீங்க.

முதல்ல எதை வாங்கிறது எண்டு பார்ப்பம். ஆகக் குறைஞ்ச செலவில ஒரு ஸ்பிரிங் கட்டை செட் வரும், ரெண்டு இரும்புக் கட்டைக்கு நடுவில ஸ்பிரிங், அதை டிஃப்புக்குள்ள இருக்கிற ரெண்டு பக்கப் பல்லுக்கும் நடுவில சொருகிறது, ஸ்பிரிங் தள்ளுற உரசலில ரெண்டு ரயரும் கொஞ்சம் சேர்ந்து சுத்தும். சில வண்டியில கிறவுன் வீலைக் (டிஃப்புக்குள்ள இருக்கிற பெரிய பல்லுச் சில்லு) கூட கழட்டாம போடலாம், அதுதான் அதில இருக்கிற நல்லது. ஆனா அது உரசித்தான் வேலை செய்யும், உரசினா தேயும், தேஞ்ச இரும்புத் தூள் ஒயிலோட சேர்ந்து பேரிங்குக்க போகும், பாரம் இழுக்கிற வண்டிக்கு நான் அதைச் சொல்லமாட்டன். அடுத்தது கிளச் தட்டு வகை, அது நல்லாப் பிடிக்கும், ஆனா எல்எஸ்டிக்கெண்டு இருக்கிற ஒயில்தான் விட வேணும், தட்டு தேஞ்சா மாத்தவும் வேணும். நான் போட்டது மூண்டாவது, முழுக்க பல்லால வேலை செய்யிற ஹெலிக்கல் வகை. வழுக்கிற ரயர் தாங்கிற பலத்தை விட ரெண்டு மூண்டு மடங்கு மற்ற ரயருக்கு அனுப்பும், தேயிற தட்டு இல்ல, றோட்டில ஓடேக்க இருக்கிறதே தெரியாது. ஒரு குறை இருக்கு, ஒரு ரயர் முழுசா அந்தரத்தில தொங்கினா பூச்சியத்தை எத்தினை மடங்காக்கினாலும் பூச்சியம்தானே, அப்ப பிரேக்கை லேசா மிதிச்சுக்கொண்டு அக்சிலேட்டர் குடுக்க வேணும். மணலில ரெண்டு ரயரும் நிலத்தில பட்டுக்கொண்டுதான் இருக்கும், அதால எங்கட கரைக்கு இது நல்லாப் பொருந்தும்.

டிஃப்புக்கு உள்ள வெல்டிங் அடிச்சு ரெண்டு பக்கத்தையும் ஒண்டாக்கிற வேலையை மட்டும் தயவுசெய்து செய்யாதீங்க, தார் றோட்டில திரும்பேக்க ஒரு ரயர் கட்டாயம் வழுக்கித்தான் ஆகவேணும், அக்சில் முறுகும், ஒரு நாள் முறியும், அது கிண்ணியாப் பாலத்தில வச்சு முறிஞ்சா என்ன செய்வீங்க.

ஓர்டர் பண்ண முதல் ரெண்டு விசயம் பாருங்க. எட்டு இஞ்ச் டிஃப் எண்டு ஒரே பேர்தான், ஆனா நாலு சிலிண்டர் வண்டிக்கும் வீ6 வண்டிக்கும் பக்க பேரிங் சைஸ் வேற, அதால சசி நம்பரைக் குடுத்து வாங்குங்க. அக்சில் நுனியில இருக்கிற ஸ்ப்ளைன், அதாவது நீட்டுப் பல், எத்தினை எண்டும் எண்ணுங்க, என்ரதில 30. புது பேரிங் ரெண்டு, அக்சில் ஒயில் சீல் ரெண்டு, டிஃப் பேப்பர் கஸ்கெட், பொல்ட் லொக் கம், பல்லில பூசிற மார்க்கிங் புளூ எல்லாத்தையும் முதலே எடுத்து வையுங்க, பாதியில கழட்டிப்போட்டு கொழும்பில இருந்து பஸ்ஸில சாமான் வரும்வரைக்கும் வண்டியை ஸ்டாண்டில நிப்பாட்டி வச்சிருக்கிறது பெரிய சோதனை. நுணுக்கமான அசைவை அளக்கிற ஊசி மீற்றர், டயல் கேஜ், அது இல்லாம இந்த வேலையைத் தொடாதீங்க. லேத் வேலை செய்யிற இடங்களில இருக்கும், ஒரு நாளைக்கு கேட்டு வாங்கலாம்.

கழட்டுறது லேசு. முன் ரயருக்கு கட்டை வச்சு, பின் பக்கத்தை ரெண்டு ஸ்டாண்டில ஏத்துங்க, எங்கட வளவுகள் மணல்தானே, ஸ்டாண்டுக்கு கீழ கனமான பலகை கட்டாயம். ஒயிலை இறக்கேக்க நிறத்தைப் பாருங்க. பால் தேத்தண்ணி மாதிரி வெளிறி வந்தா தண்ணி போயிருக்கு, கடலுக்க பின்பக்கத்தை இறக்கி போட் ஏத்துற வண்டியில பிரீதர் (டிஃப் மூச்சு விடுற சின்னத் துவாரம்) வழியா உப்புத்தண்ணி இழுத்துக்கொள்ளும், சூடான டிஃப் குளிரேக்க உள்ளுக்க காத்து சுருங்கி தண்ணியை உறிஞ்சும். அப்பிடி எண்டா பேரிங் எல்லாத்தையும் சந்தேகமாப் பாருங்க. பிறகு ட்ரம், பிரேக் பைப், ஹாண்ட் பிரேக் கேபிள், பக்கத்துக்கு நாலு நட், அக்சிலை நேரா வெளிய இழுங்க. ப்ரொப்பலர் ஷாஃப்ட் பூட்டில கழட்ட முதல் பெயின்ட்டால ஒரு கோடு போடுங்க. டிஃப்பில பத்து நட், அதுக்குப் பிறகு அது முப்பது கிலோவுக்கு மேல பாரத்தோட கையில வரும், கீழ ஜக் வச்சு இன்னொரு ஆளையும் கூப்பிடுங்க.

இப்ப மேசையில டிஃப் இருக்கு, ஸ்பனர் எடுக்க கை துடிக்கும், நிப்பாட்டுங்க. எனக்கு முதல் ஒரு கராஜில பேரிங் மாத்திக் குடுத்தாங்க, ரெண்டு பேரிங் கப்பையும் (பேரிங்கை உடம்போட பிடிச்சு வைக்கிற மூடி) இடம் மாத்திப் பூட்டிப்போட்டாங்க, ஹபரணை போய் வர முதல் டிஃப் ஊளையிடத் தொடங்கிச்சு. அந்தக் கப் ரெண்டும் உடம்போட சேர்த்துக் கடைஞ்சது, ஒரே மாதிரித் தெரியும், ஆனா இடதுக்கு வலது பொருந்தாது. அதால சென்டர் பஞ்சால ஒரு பக்கத்துக்கு ஒரு புள்ளி மற்றப் பக்கத்துக்கு ரெண்டு புள்ளி, கப்பிலயும் உடம்பிலயும் அடிங்க. பேரிங்கை ரெண்டு பக்கத்தாலயும் தள்ளிப் பிடிக்கிற அட்ஜஸ்டர் நட் ரெண்டையும் எந்தப் பக்கம் எண்டு குறிச்சு வையுங்க.

அதுக்குப் பிறகு பழைய அளவை எடுங்க. டயல் கேஜ் ஊசியை கிறவுன் வீல் பல்லின்ர வெளி நுனியில, பல்லுக்கு செங்குத்தா வச்சு, பினியனை (கிறவுன் வீலைச் சுத்துற சின்னப் பல்) அசையாமப் பிடிச்சுக்கொண்டு கிறவுன் வீலை முன்னுக்குப் பின்னுக்கு ஆட்டுங்க, ஊசி காட்டுற அந்த ஆட்டம்தான் பக்லாஷ். 0.13 இல இருந்து 0.18 மில்லிமீற்றருக்குள்ள இருக்க வேணும். நாலு இடத்தில எடுத்து எழுதுங்க. நாலஞ்சு பல்லில புளூவைப் பூசி சுத்தி, பதியிற அடையாளத்தை போனில ஒரு படம் எடுங்க. இந்தப் படம்தான் பின்னால உங்களைக் காப்பாத்தும், ஏனெண்டா பினியனைத் தொடுறதில்ல, அதின்ர ஆழம் மாறாது, கடைசியில பூட்டினாப் பிறகு பதியிற அடையாளமும் இதே மாதிரித்தான் வர வேணும்.

பழைய கேரியரை, அதாவது கிறவுன் வீல் பூட்டியிருக்கிற கூட்டை எடுத்து, லொக் தட்டுகளை நிமித்தி பத்து பொல்ட்டையும் குறுக்கு மறுக்கா கொஞ்சம் கொஞ்சமாத் தளத்துங்க. கிறவுன் வீலை செம்பு சுத்தியலால சுத்திச் சுத்தித் தட்டி இறக்குங்க, ஸ்க்ரூட்ரைவர் விட்டு நெம்பினா அது இருக்கிற முகத்தில காயம் வரும், அந்த மயிர்க்காயம் போதும் வீல் ஆடி ஓட. புது கேரியருக்கு, அதாவது எல்எஸ்டிக்கு, பேரிங்கை பிரஸ்ஸில வச்சு ஏத்துங்க, உள் வளையத்தில மட்டும்தான் அமத்த வேணும்.

எனக்கு இதில ஆகப் பிடிச்ச கட்டம் கிறவுன் வீலை ஏத்துறது. பெரிய சட்டியில தண்ணி கொதிக்க வச்சு, கம்பியில கட்டி அதுக்குள்ள இறக்குங்க, நெருப்பில நேர காட்டக்கூடாது, பல்லின்ர இறுக்கம் போயிரும். கொதி தண்ணி 100 பாகைக்கு மேல போகாது, அதுதான் தேவை. ஒரு பத்து நிமிசம் கழிச்சு தூக்கினா சூட்டிலேயே தண்ணி ஆவியாப் பறந்து பல்லெல்லாம் காஞ்சு மங்கலா நிக்கும், அடுப்புக்கு தூரமா கொண்டுபோய் முகத்தை க்ளீனர் போட்ட துணியால ஒருக்காத் துடைச்சு, தலை வெட்டின ரெண்டு பொல்ட்டை வழிகாட்டியா திருகி வச்சு இறக்குங்க. குளிரில சுத்தியலால அடிச்சாலும் இறங்காதது, டக் எண்டு ஒரு சத்தத்தோட தானா போய் உக்காரும். நல்லா ஆறினாப் பிறகுதான் பொல்ட் இறுக்கலாம், எண்ணெய் இல்லாம துடைச்சு லொக் கம் போட்டு, எதிரெதிரா, 97 நியூட்டன் மீற்றர்.

அடுத்தது பூட்டிச் செட் பண்ணுறது, அரை நாள் போகும், அவசரப்படாதீங்க. கப்பை லேசா மட்டும் பிடிச்சு வச்சு, அட்ஜஸ்டர் நட்டால கேரியரை அங்க இங்க தள்ளுங்க. கிறவுன் வீல் முதுகுப் பக்க நட்டை இறுக்கினா பல் பினியனுக்குக் கிட்டப் போகும், பக்லாஷ் குறையும், மற்றப் பக்கத்தை இறுக்கினா கூடும். ஒரு பக்கம் ஒரு காடி (நட்டில இருக்கிற வெட்டு) தளத்தினா மற்றப் பக்கம் ஒரு காடி இறுக்குங்க, எப்பவும் சமனா. பேரிங்கில ஆட்டம் இல்லாம சரியா தொடுற இடத்தில இருந்து ஒண்டு, ஒண்டரைக் காடி கூட இறுக்கினா பேரிங்குக்கு தேவையான ப்ரீலோட், அதாவது முன்கூட்டிய இறுக்கம், வரும். கப் பொல்ட்டை 78 நியூட்டன் மீற்றருக்கு இறுக்கினாப் பிறகு திரும்ப அளவெடுங்க, இறுக்கேக்க அளவு மாறும், எனக்கு மூண்டு தரம் மாறிச்சு, நாலாம் தரம்தான் 0.15 இல நிண்டுது. நாலு இடத்திலயும் கிட்டத்தட்ட ஒரே அளவு வரவேணும், ஒரு இடத்தில கூடி ஒரு இடத்தில குறைஞ்சா வீல் சரியா உக்காரயில்ல, திரும்பக் கழட்டுங்க. புளூ பூசி பழைய படத்தோட வச்சுப் பாருங்க.

வண்டியில ஏத்துறது கழட்டினதின்ர மறுபக்கம்தான். அக்சிலைத் தள்ளேக்க ஸ்ப்ளைன் புது சீலைக் கிழிக்காம கையால தூக்கிப் பிடிச்சு விடுங்க. பிரேக் காத்து எடுங்க. ஒயில் ஜீஎல்-5, 90 நம்பர், மேல் துவாரத்தில வழியும்வரைக்கும். ஹெலிக்கலுக்கு கிளச் வகைக்கு விடுற வழுக்கு மருந்து எதுவும் கலக்கக்கூடாது, அது உரசலைக் குறைச்சு இந்தப் பல்லின்ர வேலையையே கெடுத்துப்போடும். பிரீதருக்கு ஒரு ஹோஸ் போட்டு உயரத்தில கட்டிவிடுங்க, கடலுக்க இறக்கிற வண்டிக்கு இது எல்எஸ்டியை விட முக்கியம் எண்டு கூடச் சொல்லுவன்.

முதல் ஓட்டம் பாரம் இல்லாம, குச்சவெளி மட்டும் மெதுவாப் போய் வாங்க. இடையில நிப்பாட்டி டிஃப்பில கையைக் கிட்டக் கொண்டுபோய்ப் பாருங்க, சூடா இருக்கும், ஆனா கிட்டவே போக ஏலாத சூடு எண்டா பேரிங் இறுக்கம் கூடிப்போச்சு. மிதிக்கேக்க ஊளையிடுதா, காலை எடுக்கேக்க ஊளையிடுதா எண்டு காதைக் குடுங்க, எதாவது ஒண்டு கேட்டா ஓட்டிப் பழக்கலாம் எண்டு நினைக்காம கழட்டி திரும்பப் பாருங்க. 500 கிலோமீற்றரில ஒயிலை மாத்துங்க, மெல்லிய சாம்பல் தூள் காந்தத்தில ஒட்டியிருந்தா பயமில்ல, நகம் அளவு துண்டு வந்தா பயப்படுங்க.

இன்னொண்டு, வீட்டில வண்டி ஓட்டுற எல்லாருக்கும் சொல்லி வையுங்க. இனி பின் ரயர் ஒண்டை மட்டும் ஜக்கில ஏத்தி கியர் போட்டு சுத்தக்கூடாது. முந்தி தூக்கின ரயர் மட்டும் சும்மா சுத்தும், இப்ப நிலத்தில இருக்கிற மற்ற ரயருக்கும் இழுவை போகலாம், வண்டி ஜக்கை விட்டு பாஞ்சிரும். ரெண்டையும் ஸ்டாண்டில ஏத்துங்க, இல்லாட்டி எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாதீங்க.