அடிப்படை லேயவுட் கிளாஸ்: எங்கே கோட்டை விடுகிறோம்?

கோலாலம்பூரில் ஒரு கிளினிக்கின் பதிவு கவுண்டருக்கு மென்பொருள் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். திரை மலாயிலும் ஆங்கிலத்திலும் வர வேண்டும், பிரிக்பீல்ட்ஸ் கிளைக்குத் தமிழிலும் கேட்கிறார்கள். பதிவு, மருந்து, பில் என எந்தத் திரையானாலும் லேபிள், பெட்டி, பட்டன் என்று அடுக்குகிற வேலைதான். இப்படி அடுக்குகிற நிரல் பகுதியை எல்லாத் திரைக்கும் பொதுவாக ஒரு அடிப்படை லேயவுட் கிளாஸாக எழுதி வைத்தால் என்ன என்று தோன்றும். நல்ல யோசனைதான். கெடுவது எழுதுகிற விதத்தில்.

பெரும்பாலோர் முதல் திரையைக் கட்டும்போதே அதை எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். அப்போது வருவது பொதுவான கிளாஸ் அல்ல, பதிவுத் திரைக்குப் பொதுப்பெயர் சூட்டியது. அடுத்த திரைக்குப் பட்டன் கீழே வேண்டும் என்றதும் ஒரு ஃபிளாக் (ஆம்/இல்லை என்று சொல்லும் மாறி) சேரும். இன்னொன்றில் தலைப்பு வேண்டாம், அதற்கும் ஒரு ஃபிளாக். கொஞ்ச நாளில் எந்த ஃபிளாக் எதை உடைக்கும் என்று எழுதியவருக்கே தெரியாது. இரண்டு மூன்று திரைகளைக் கையால் அடுக்கிப் பாருங்கள். எது திரும்பத் திரும்ப வருகிறதோ அதை மட்டும் எடுத்து கிளாஸ் ஆக்குங்கள்.

அந்த கிளாஸுக்குத் தெரிய வேண்டியவை கொஞ்சம்தான்: உள்ளே என்னென்ன விட்ஜெட் (லேபிள், பட்டன் போன்ற திரைப் பகுதிகள்) இருக்கின்றன, ஒவ்வொன்றும் எவ்வளவு இடம் கேட்கிறது, மொத்தம் கிடைத்த இடம் எவ்வளவு. சேமிக்கும் பட்டனை அழுத்தினால் என்ன நடக்கும், மைகார்டு (மலேசிய அடையாள அட்டை) எண்ணுக்கு 12 இலக்கம் இருக்கிறதா என்பதெல்லாம் அதன் வேலை இல்லை. ஜாவாவின் லேயவுட்மேனேஜரைப் பாருங்கள். சேர்ப்பது, நீக்குவது, விரும்பும் அளவு, குறைந்தபட்ச அளவு, அடுக்குவது என்று 5 மெத்தட்தான், அதாவது ஃபங்ஷன்கள்தான். அதோடு, பேனல் (விட்ஜெட்களை ஏந்தும் பெட்டி) லேயவுட்மேனேஜரிலிருந்து பிறப்பதில்லை, அதாவது அதன் பிள்ளை கிளாஸ் அல்ல, அதை வெளியிலிருந்து வாங்கி வைத்துக்கொள்கிறது. வேண்டாமென்றால் வேறொன்றை மாட்டலாம். ஒவ்வொரு திரையையும் உங்கள் அடிப்படை கிளாஸிலிருந்தே பிறக்க வைத்தால் அந்த வசதி போய்விடும்.

என் கணக்கில் மிகப் பெரிய தவறு, அளப்பதையும் அடுக்குவதையும் ஒரே ஃபங்ஷனில் போட்டுக் கலக்குவது. ஆண்ட்ராய்டில் ஆன்மெஷர், ஆன்லேயவுட் என்று இரண்டும் தனித்தனி. கியூட் (Qt) என்ற திரை கட்டும் கருவித்தொகுப்பில் சைஸ்ஹின்ட் அளவைச் சொல்லும், செட்ஜியாமெட்ரி இடத்தில் வைக்கும். ஃப்ளட்டர் என்ற இன்னொரு தொகுப்பில் கட்டுப்பாடு (இவ்வளவுக்குள் இரு என்ற வரம்பு) மேலிருந்து கீழே போகும், அளவு கீழிருந்து மேலே வரும், இடத்தைத் தாய் விட்ஜெட் முடிவு செய்யும். பந்தியில் எத்தனை பேர் என்று பார்த்துவிட்டு இலை போடுவார்கள். இலை போட்ட பிறகு உட்கார்ந்தவர்களை எழுப்பி நகர்த்திக்கொண்டிருந்தால் சாப்பாடு எப்போது நடக்கும்? அடுக்கும்போதே ஒரு லேபிளின் குறைந்தபட்ச அகலத்தை மாற்றினால் இதுதான் நடக்கிறது. 'என் அளவு மாறிவிட்டது' என்று லேபிள் அறிவிக்கும், லேயவுட் மறுபடி கணக்குப் போடும், அடுக்கும்போது மறுபடி அளவு மாறும். திரை துடிக்கும், இல்லையென்றால் நிரல் அப்படியே நின்றுவிடும்.

அளப்பதில் இன்னொரு சிக்கல், நம் மாதிரிப் பல மொழி ஊரில் சீக்கிரமே வெளிப்படும். மலாயில் 'பாத்தால்' என்று சின்னதாக முடிகிற பட்டன், தமிழில் 'ரத்து செய்யவும்' என்று நீளும். பட்டனுக்கு 80 பிக்சல் என்று அடிப்படை கிளாஸில் எழுதி வைத்தால் தமிழ் எழுத்து பாதியில் வெட்டுப்படும். உயரமும் அப்படித்தான். தமிழுக்கு வேறு எழுத்துரு வந்து உட்காரும்போது வரியின் உயரம் மாறலாம், 'கி', 'கீ' மேலே உள்ள வளைவு வெட்டுப்பட்டு நிற்கும். அளவை விட்ஜெட்டிடம் கேளுங்கள், நீங்களே தீர்மானிக்காதீர்கள். மடிந்து அடுத்த வரிக்குப் போகும் லேபிளுக்கு ஒரே ஒரு அளவு கேட்டாலும் போதாது, ஏனென்றால் அகலம் குறைந்தால் உயரம் கூடும். கியூட்டில் ஹைட்ஃபார்விட்த் இருப்பது இதற்காகத்தான். அதை உங்கள் கிளாஸில் திரும்ப எழுதாமல் விட்டால் கடைசி வரி காணாமல் போகும்.

மொழியை மாற்றியதும் பழைய அளவைக் கேஷிலிருந்து (முன்பு கணக்கிட்டுச் சேமித்து வைத்த இடத்திலிருந்து) எடுத்துக் கொடுப்பதும் அடிக்கடி நடப்பது. கேஷ் வைத்தால் அதை அழிக்கும் வழியையும் அப்போதே எழுதிவிடுங்கள். யாராவது ஜாவியில் (மலாயை எழுதும் அரபு எழுத்தில்) திரை கேட்டால் வரிசை வலமிருந்து இடமாகத் திரும்ப வேண்டும். 'இடது' என்று எழுதாமல் 'தொடக்கம்' என்று எழுதிப் பழகினால் அன்றைக்குக் கை கடிக்காது.

கன்ஸ்ட்ரக்டர் (பொருள் உருவாகும்போது ஓடும் ஃபங்ஷன்) விஷயம் சுருக்கமாக. அடிப்படை கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரிலிருந்து, பிள்ளை கிளாஸ் திரும்ப எழுதப்போகும் ஃபங்ஷனை அழைக்காதீர்கள். சி++இல் பிள்ளையின் ஃபங்ஷன் ஓடவே ஓடாது. ஜாவாவில் ஓடும், ஆனால் பிள்ளையின் மாறிகளுக்கு இன்னும் மதிப்பு வந்திருக்காது. விட்ஜெட்டைக் கட்டும் வேலையைத் தனி மெத்தடாக வைத்து, பொருள் முழுதாக உருவான பிறகு அழையுங்கள்.

இடைவெளியும் கவனிக்க வேண்டியதுதான். ஒவ்வொரு லேயவுட்டும் தானாகவே 8 பிக்சல் ஓரம் விட்டால், மூன்று அடுக்கு உள்ளே போனதும் 24 ஆகிவிடும். ஓரத்தை வெளியே இருப்பது மட்டும் விடட்டும்.

அப்புறம், நீக்குவது. கியூட்டில் லேயவுட்டிலிருந்து ஒன்றை எடுத்துவிட்டால் விட்ஜெட் அழிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அதன் தாய் லேயவுட் அல்ல, லேயவுட்டை வைத்திருக்கும் விட்ஜெட். ஆகவே அது திரையில் பழைய இடத்திலேயே ஆவி மாதிரி நிற்கும். டெலீட்லேட்டர் மூலம் தனியாக அழிக்க வேண்டும். மறைத்து வைத்த விட்ஜெட்டையும் அடுக்கும்போது தாண்டிப் போக வேண்டும், அதற்குரிய இடைவெளியையும் சேர்த்து. காலி லேயவுட், ஒரே ஒரு விட்ஜெட், எல்லாமே மறைந்த நிலை என்று இந்த மூன்றையும் ஓட்டிப் பார்த்தால் இந்தப் பகுதியில் உள்ள பிழைகள் பெரும்பாலும் அங்கேயே அகப்படும்.