வயதான அவுட்ஃபீல்டரை எடுக்கலாமா? ஒரே தாளில் முடிவு செய்யும் முறை

பேஸ்பால் சீசனின் இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸ் முடிந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. அதற்குள் அமெரிக்காவில் ஒவ்வொரு ஊர் ரசிகரும் அடுத்த சீசனுக்குத் தன் அணி யாரை வாங்க வேண்டும் என்று ஆரம்பித்துவிடுவார். பந்து வீசும் பிட்சர்களைப் பற்றிய பேச்சு சீக்கிரம் ஓய்ந்துவிடும். நல்ல பிட்சர் வேண்டாம் என்று யார் சொல்லப் போகிறார்கள்? சண்டை இழுத்துக்கொண்டு போவது, மைதானத்தின் வெளிப்பகுதியைக் காக்கும் அவுட்ஃபீல்டர்களில் முப்பத்தைந்தை நெருங்கியவர்கள் விஷயத்தில்தான். "போன வருஷம்கூட இருபது ஹோம் ரன் அடித்தாரே" என்பார் ஒருவர். "அவர் ஓடி வருவதற்குள் பந்து சுவரில் பட்டுத் திரும்பிவிடுகிறது" என்பார் இன்னொருவர். பெரும்பாலும் இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே இருக்கும். அதனால்தான் சண்டை முடிவதில்லை.

பேஸ்பால் பார்க்க ஆரம்பித்து ஓரிரு வருடம் ஆனவர்களுக்காக, இந்த விவாதத்தில் இறங்க நான் பயன்படுத்தும் வழி இது. ஒரு வெள்ளைத் தாள், பேனா, அரை மணி நேரம் வேண்டும். புள்ளிவிவரத்துக்கு பேஸ்பால் ரெஃபரன்ஸ், ஃபான்கிராஃப்ஸ், பேஸ்பால் சாவண்ட் என்ற மூன்று தளங்கள் போதும். இங்கே தேவைப்படுவதையெல்லாம் காசில்லாமல் பார்க்கலாம்.

பழக, முடிவு தெரிந்த ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். 2022 நவம்பர். அவுட்ஃபீல்டர் ஜேசன் ஹேவர்டை சிகாகோ கப்ஸ் அணி விடுவித்துவிட்டது. எட்டு வருடம், 18.4 கோடி டாலர் ஒப்பந்தத்தில் கடைசி வருடம் பாக்கி இருக்கும்போதே "போய் வாருங்கள்" என்றுவிட்டார்கள். அந்த சீசனில் முழங்கால் காயத்தோடு 48 ஆட்டம், ஒரே ஒரு ஹோம் ரன், சராசரி .204. (கிரிக்கெட் கண்ணோடு பார்ப்பவர்களுக்கு: ஆயிரம் முறை அடிக்க வந்தால் 204 முறை ஹிட், அதாவது அடித்துவிட்டு அவுட் ஆகாமல் பேஸை எட்டினார் என்று பொருள். .300 என்றால் பிரமாதம், .204 என்றால் வேலைக்கு ஆபத்து.) நீங்கள் ஒரு அணியின் மேலாளர். எடுப்பீர்களா?

படி 1: ஆளை விடுங்கள், காலி இடத்தை எழுதுங்கள்

எல்லோரும் ஆட்டக்காரரின் பெயரிலிருந்து ஆரம்பிப்பார்கள். நீங்கள் நாற்காலியிலிருந்து ஆரம்பியுங்கள்.

மேஜர் லீக் அணியில் 26 பேர். பிட்சர்கள் 13 பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி, எல்லா அணியும் அந்த 13ஐ நிரப்பிவிடும். மிச்சம் 13 பேர். பிட்சருக்குப் பதிலாக அடிக்க மட்டும் வரும் டெசிக்னேட்டட் ஹிட்டரையும் (டிஎச்) சேர்த்து ஒன்பது பேர் ஆடுவார்கள். பெஞ்சில் நான்கு பேர். அந்த நால்வரில் ஒருவர், பேட்டருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சருக்கு மாற்று. இன்னொருவர் பேஸ்களைச் சுற்றியுள்ள இன்ஃபீல்டில் எங்கே நிறுத்தினாலும் நிற்பவர். ஆக, நீங்கள் சண்டை போடும் அந்த வயதான பெரியவருக்கு பெஞ்சில் இருப்பது இரண்டே நாற்காலி. அதில் ஒன்று சென்டர் ஃபீல்டில் நிற்கத் தெரிந்தவருக்குப் போயாக வேண்டும்.

இப்போது தாளின் மேலே என்ன வேலை என்று எழுதுங்கள். தினமும் ஆடுபவரா, எதிரணி பிட்சரின் கையைப் பார்த்து இறக்கப்படும் பிளாட்டூன் ஆளா, மூன்று பேருக்கும் ஓய்வு கொடுக்கும் நான்காவது அவுட்ஃபீல்டரா, வெறும் டிஎச்சா?

2015 முதல் 2017 வரை மயாமியில் ஜப்பானிய நட்சத்திரம் இச்சிரோ பார்த்தது அந்த மூன்றாவது வேலை. முன்னால் யெலிச், ஒசூனா, ஸ்டான்டன் என்று மூன்று இளைஞர்கள். "நாற்பதைத் தாண்டியவரை எதற்கு?" என்ற கேள்விக்கு அந்த வேலையை வைத்துப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும். 2016இல் 42 வயதில் .291 அடித்தார், அந்த ஆகஸ்டில் டென்வரில் ஒரு ட்ரிப்பிள் (மூன்றாம் பேஸ்வரை ஓடும் அடி) அடித்து 3000ஆவது ஹிட்டையும் எடுத்தார். அதே ஆளைத் தினமும் ஆட வைக்க எடுத்திருந்தால் கணக்கு வேறு மாதிரி போயிருக்கும்.

படி 2: சீசன் வயது

இது ஒரு வரி வேலை. அட்டவணைகளில் வயது ஜூன் 30 கணக்கில் இருக்கும். ஹேவர்ட் 1989 ஆகஸ்டில் பிறந்தவர், எனவே 2023 சீசனுக்கு அவர் 33. எண்ணை எழுதிவிட்டு நகருங்கள். பேட்டர்களின் உச்சம் பொதுவாக இருபதுகளின் பின்பாதியில் வந்து போய்விடும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

படி 3: கால்கள்

இங்கே நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். ரசிகர்கள் ஹோம் ரன்னை எண்ணுகிறார்கள், காலை எண்ணுவதில்லை. அவுட்ஃபீல்டருக்கு முதலில் போவது கால்.

பேஸ்பால் சாவண்டில் ஆட்டக்காரரின் பக்கத்தைத் திறந்தால் சிவப்பும் நீலமுமாகப் பட்டைகள் தெரியும். சிவப்பு நல்லது, நீலம் மோசம். அதில் ஸ்பிரின்ட் ஸ்பீட் என்ற எண்ணைத் தேடுங்கள். வினாடிக்கு எத்தனை அடி ஓடுகிறார் என்பது அது. லீக் சராசரி 27 அடி. 30ஐத் தொட்டால் மின்னல். கடைசி மூன்று வருட எண்களை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதுங்கள்.

27.5 என்பது 27.0 ஆனால் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். ஒரு உயரமான பந்து இரண்டு அவுட்ஃபீல்டர்களுக்கு நடுவே காற்றில் நான்கு வினாடி நிற்கிறது என்று வையுங்கள். வினாடிக்கு அரை அடி குறைந்தால் நான்கு வினாடியில் இரண்டு அடி. கை நீட்டிப் பாய்ந்தவரின் கிளவ் நுனிக்கும், புல்லில் விழுந்த பந்துக்கும் நடுவே இருக்கும் தூரம் அதுதான். அவுட் ஆக வேண்டியது டபுள், அதாவது இரண்டாம் பேஸ்வரை ஓடும் அடி ஆகிவிடும்.

அதனால்தான் வயதாக ஆக ஆள் சென்டரிலிருந்து ஓரத்துக்கு, ஓரத்திலிருந்து டிஎச்சுக்கு என்று இறங்கிக்கொண்டே வருகிறார். பெரிய சென்டர் ஃபீல்டரான மைக் ட்ரவுட்டே 2025இல் ரைட் ஃபீல்டுக்கு மாறினார். சாவண்டில் அவுட்ஸ் அபவ் ஆவரேஜ் என்று இன்னொரு எண் இருக்கிறது. அதே நிலைமையில் சராசரி ஃபீல்டர் பிடிக்கும் பந்துகளைவிட இவர் எத்தனை கூடுதலாகப் பிடித்தார், எத்தனை குறைவாகப் பிடித்தார் என்று சொல்லும். மைனஸில் இறங்கிக்கொண்டே போனால் அவரை டிஎச் என்றே எழுதிவிடுங்கள், மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டாம்.

மைதானத்தையும் பாருங்கள். பாஸ்டன் ஃபென்வேயில் இடது ஓரச் சுவர் 310 அடியிலேயே வந்துவிடும், உயரம் 37 அடி. அங்கே லெஃப்ட் ஃபீல்டர் காக்க வேண்டிய நிலம் குறைவு, மெதுவான காலையும் சுவர் மறைத்துவிடும். பிட்ஸ்பர்க்கின் பி.என்.சி. பார்க்கில் இடது பக்கம் ஆழமாகப் போகும். அங்கே மறைக்க ஒன்றும் இல்லை.

படி 4: மட்டை

பேட்டிங் சராசரியை மட்டும் வைத்துப் பேசாதீர்கள். பேஸை எட்டும் திறனையும் அடியின் பலத்தையும் சேர்த்துச் சொல்லும் ஓபிஎஸ் பிளஸ் என்ற எண்ணை எடுங்கள். அது மைதானத்தையும் அந்த வருட லீக்கையும் சரிக்கட்டிய எண். 100 என்றால் சராசரி, 120 என்றால் இருபது சதவீதம் மேல்.

ஒரே வருடத்தை நம்பாமல் மூன்று வருடத்துக்கும் எடை கொடுங்கள்: கடைசி வருடத்துக்கு 5, அதற்கு முந்தையதுக்கு 4, அதற்கும் முந்தையதுக்கு 3. ஒரு கற்பனை ஆள்: கடைசி வருடம் 90, அதற்கு முன் 105, அதற்கும் முன் 120. 450, 420, 360 கூட்டினால் 1230. பன்னிரண்டால் வகுத்தால் 102 சொச்சம். வயதுக்காக இரண்டு மூன்று புள்ளி கழியுங்கள். ஆக, இவர் சராசரியை ஒட்டிய பேட்டர். "120 அடித்தவர்" என்று கத்துபவரும் "90தான்" என்று கத்துபவரும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள், பரவாயில்லை.

அப்புறம் இன்னும் இரண்டு விஷயம். பந்தை எவ்வளவு வேகமாக அடிக்கிறார் என்று பாருங்கள். மணிக்கு 95 மைலுக்கு மேல் போனால் பலமான அடி என்று கணக்கு. சராசரி சரிந்தும் இந்த வேகம் சரியாமல் இருந்தால், துரதிர்ஷ்டமும் ஒரு காரணமாக இருக்கலாம். வேகமும் சேர்ந்து சரிந்தால் அது வயது. அடுத்தது வாக், அதாவது பிட்சர் நான்கு பந்தை எல்லைக்கு வெளியே வீசியதால் பேட்டருக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ். பந்தைத் தேர்ந்தெடுக்கும் கண் காலைவிட மெதுவாகத்தான் கிழடாகும். வாக் குறையாமல் ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட் ஆவது) மட்டும் ஏறினால், வேகப்பந்துக்குக் கை தாமதமாகிறதா என்று சந்தேகப்படுங்கள்.

ஹேவர்டுக்கு வருவோம். சராசரி 2020இல் .265, 2021இல் .214, 2022இல் .204. எந்த எடை போட்டாலும் தினசரி ஆட்டக்காரர் வரவில்லை. தாள் "வேண்டாம்" என்கிறது. ஆனால் தாள் இன்னும் முடியவில்லை.

படி 5: எந்தக் கை

ஹேவர்ட் இடது கை பேட்டர். இடது கை பேட்டருக்கு வலது கை பிட்சர் சுலபம். லீக்கில் வீசப்படும் பந்துகளில் பெரும்பகுதி வலது கைக்காரர்களுடையது. ஆகவே வயதான இடது கை பேட்டரைப் பாதுகாப்பான நாட்களில் மட்டும் இறக்கியே நிறைய ஆட்டம் கொடுக்கலாம். வலது கை பேட்டருக்கு அந்த வசதி இல்லை, அவருக்குச் சாதகமான இடது கை பிட்சர்கள் குறைவு. தளங்களில் ஸ்ப்ளிட்ஸ் என்ற பக்கத்தில் இரண்டு கைக்கும் தனித்தனியாக எண் இருக்கும். வேலை என்று முதலில் எழுதினோமே, அதை இப்போது திருத்த வேண்டியிருந்தால் திருத்துங்கள்.

படி 6: விலையும் தேதியும்

நவம்பரில் கேட்கும் விலை வேறு, மார்ச்சில் கேட்கும் விலை வேறு. டிசம்பரில் அணி நிர்வாகிகள் கூடும் வின்டர் மீட்டிங்ஸ், பிப்ரவரி நடுவில் ஃப்ளோரிடாவிலும் அரிசோனாவிலும் பயிற்சி முகாம். வயதான அவுட்ஃபீல்டர்களில் பலர் முகாம் திறக்கும்வரை வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். ஜூரிக்சன் ப்ரோஃபார் 2024இல் அப்படித்தான் சான் டியாகோவுக்குப் பத்து லட்சம் டாலருக்கு வந்தார். 24 ஹோம் ரன், சராசரி .280. அது விதிவிலக்கு என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிப்ரவரியில் எல்லாரையும் வாங்கச் சொல்வீர்கள்.

இன்னும் மலிவான வழி மைனர் லீக் ஒப்பந்தம். முகாமுக்கு வா, நன்றாக ஆடினால் அணியில் இடம், இல்லாவிட்டால் கைகுலுக்கிப் பிரிவோம். ஹேவர்டை லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் எடுத்தது இப்படித்தான். சம்பளத்தின் பெரும்பகுதியைக் கப்ஸ் கொடுத்தது, டாட்ஜர்ஸ் கொடுத்தது லீக்கின் குறைந்தபட்சமான 7.2 லட்சம் டாலர். அடிக்கும் முறையை மாற்றினார்கள்; பெரும்பாலும் வலது கை பிட்சர்களுக்கு எதிராகவே இறக்கினார்கள். 2023இல் 124 ஆட்டம், 15 ஹோம் ரன், .269. அடிக்கும் முறையை மாற்றியது தாளில் வராத விஷயம். ஆனால் வேலையும் விலையும் தாளில் இருக்கின்றன: "தினசரி ஆளாக வேண்டாம், பிளாட்டூன் ஆளாக, குறைந்தபட்ச விலைக்குச் சரி." அடுத்த வருடம் அதே ஆளுக்கு 90 லட்சம் கொடுத்தார்கள். 2024 ஆகஸ்டில் விடுவித்தார்கள்.

விலை என்றால் டாலர் மட்டுமில்லை. மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழே உள்ள டிரிபிள் ஏயில் 24 வயதுப் பையன் ஒருவன் காத்திருக்கிறான் என்றால், பெரியவருக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ஆட்டமும் அவனிடமிருந்து எடுத்தது. அவன் பெயரையும் தாளில் எழுதுங்கள். பணக்கார அணிக்கு உண்மையான செலவு பெரும்பாலும் இதுதான்.

படி 7: பாசத்துக்குத் தனிக் கட்டம்

பிட்ஸ்பர்க்கில் ரொம்ப வருடமாக இருக்கும் அண்ணன் ஒருவர் எனக்குத் தெரியும். ஆண்ட்ரூ மெக்கட்சன் பேச்சை எடுத்தாலே அவரோடு மல்லுக்கட்டு வந்துவிடும். மெக்கட்சன் 2013இல் பிட்ஸ்பர்க் அணியான பைரேட்ஸுக்காக எம்விபி (லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது) வாங்கியவர். 2018 ஜனவரியில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு அனுப்பினார்கள். 2023இல் 36 வயதில் திரும்பி வந்தார், ஐம்பது லட்சம் டாலருக்கு. 2024க்கும் 2025க்கும் அதே ஐம்பது லட்சம். பெரும்பாலும் டிஎச்.

"அந்தப் பணத்துக்கு இதைவிட அடிக்கிற ஆள் கிடைப்பாங்க அண்ணே" என்றேன்.

"கணக்கெல்லாம் சரி தம்பி. அந்த ஆள் பேரைச் சொன்னதும் பார்க்கே எந்திரிச்சு நிக்குதே, அதை எந்தக் கட்டத்துல போடுவ?"

தனிக் கட்டம்தான் போட வேண்டும். டிக்கெட் விற்பது, இளைஞர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது, சொந்த ஊர்ப் பாசம், எல்லாம் அங்கே எழுதலாம். அதற்கு எத்தனை லட்சம் கொடுக்கலாம் என்றும் எழுதலாம். அதை மட்டைக் கட்டத்தில் சேர்த்து 102ஐ 115 ஆக்கக் கூடாது, அவ்வளவுதான். அண்ணன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. 2024இல் மெக்கட்சன் 20 ஹோம் ரன் அடித்த பிறகு நானும் அவ்வளவாக வற்புறுத்தவில்லை.

படி 8: ஒரே வாக்கியம், பிறகு ஜூலை

கடைசியில் எல்லாவற்றையும் ஒரே வாக்கியமாக்குங்கள்: "இன்னார், இந்த வேலைக்கு, சுமார் இத்தனை ஆட்டம், இந்த விலைக்கு மேல் வேண்டாம், இவன் இடத்தில்." இதைச் சொல்ல முடியாதவர் இன்னும் பெயரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறார்.

தாளின் ஓரத்தில் "ஜூலையில் விற்கலாமா?" என்றும் ஒரு வரி. 2023இல் நியூயார்க் மெட்ஸ் 60 லட்சம் டாலருக்கு எடுத்த அவுட்ஃபீல்டர் டாமி ஃபாமை, அணி தடுமாறியதும் அரிசோனாவுக்கு மாற்றிக்கொண்டார்கள். அவர் அந்த வருடமே வேர்ல்ட் சீரிஸ் ஆடினார். ஒரு வருட ஒப்பந்தத்தில் வந்த பெரியவருக்கு இப்படி சீசன் நடுவில் ஒரு மறுவிற்பனை மதிப்பும் உண்டு.

தேதி போட்டு தாளை மடித்து வையுங்கள். 2024 டிசம்பர் தேதியிட்ட என் தாள் ஒன்று மேசை இழுப்பறையில் கிடக்கிறது. "மைக்கேல் கான்ஃபோர்டோ, லெஃப்ட் ஃபீல்ட், 130 ஆட்டம், எடுக்கலாம்" என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறேன். டாட்ஜர்ஸ் 1.7 கோடி டாலருக்கு எடுத்தது. .199 அடித்தார், பிளே ஆஃப் அணியில் இடமே கிடைக்கவில்லை. ஸ்பிரின்ட் ஸ்பீட் எழுத வேண்டிய இடம் மட்டும் அந்தத் தாளில் காலியாக இருக்கிறது.