அசோக் குமார் மீது வழக்குப் போடுவதற்கு முன்

படம் வெள்ளிக்கிழமை ரிலீஸ். புதன்கிழமை சாயங்காலம் தயாரிப்பாளர் போன் செய்வார்: "சார், நாளைக்கே ஸ்டே வேணும்." திருட்டுப் பதிப்பு ஒழிப்பு வழக்குகளில் புதிதாகச் சேரும் ஜூனியர்களின் தவறுகள் பெரும்பாலும் இந்த அவசரத்தில்தான் நடக்கின்றன.

எதிராளியைத் தேடுவதற்கு முன் கட்சிக்காரரின் பத்திரத்தைப் படியுங்கள். உரிமை யாரிடமிருந்து யாருக்கு வந்தது? 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடவில்லையா? 5 ஆண்டுதான். எல்லை குறிப்பிடவில்லையா? இந்தியா மட்டும்தான். "உலகம் பூரா உரிமை என்னோடதுதான்" என்று அடித்துச் சொல்கிறவரின் பத்திரத்தில் சிலசமயம் இந்த இரண்டுமே இருக்காது. அதைப் பார்க்காமல் மிரட்டல் நோட்டீஸ் விட்டால், 60-ஆம் பிரிவின்கீழ் எதிர்த்தரப்பு நம் கட்சிக்காரர் மீதே வழக்குப் போடலாம்.

அடுத்தது, தேவைக்கு மேல் தடை கேட்கும் பேராசை. ஆள் யாரென்று தெரியாதபோது பிரதிவாதி இடத்தில் 'அசோக் குமார்' என்று போடுவது நம் ஊர் வழக்கம். ஆள் தெரியாத பிரதிவாதிக்கு அமெரிக்காவில் 'ஜான் டோ' என்று போடுவார்கள்; அதற்கு நாம் வைத்த பெயர், அவ்வளவுதான். 2012-இல் '3' படத்துக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் இப்படி ஒரு தடையாணை தந்தது. இணையச் சேவை நிறுவனங்கள் வம்பே வேண்டாம் என்று வீடியோ பகிரும் வீமியோ உள்ளிட்ட முழுத் தளங்களையே முடக்கிவிட்டன. சட்டப்படி இயங்கும் தளத்தில் தன் குறும்படத்தைப் போட்டிருந்தவர் என்ன பாவம் செய்தார்? குறிப்பிட்ட யூஆர்எல்களுக்கு மட்டுமே தடை என்று ஜூன் மாதம் நீதிமன்றம் விளக்க வேண்டியதாயிற்று.

முழுத் தளத்தையும் முடக்கக் கேட்கவே கூடாது என்பதில்லை. பிழைப்பே திருட்டுப் பதிப்பு என்று இருக்கும் தளங்களை முழுதாக முடக்கலாம், பெயர் மாற்றி வரும் நகல் தளங்களையும் பிறகு அதே ஆணையில் சேர்க்கலாம் என்று 2019-இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் அந்தத் தளம் அப்படிப்பட்டதுதான் என்று காட்டுவது நம் வேலை. எனவே ஒரே பட்டியலாகத் தராமல், திருட்டுத் தளங்களைத் தனியாகவும் மற்ற தளங்களில் உள்ள சுட்டிகளைத் தனியாகவும் கொடுங்கள்.

ஸ்கிரீன்ஷாட்டைப் பிரிண்ட் எடுத்து இணைத்தால் மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழில் ஹாஷ் மதிப்பு, அதாவது கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் குறியீடு, வேண்டும். ஒரு பகுதியில் நிபுணர் கையெழுத்திட வேண்டும். ரிலீஸுக்கு முந்தைய நாள் நிபுணரைத் தேடினால் கிடைக்க மாட்டார்.

தளத்துக்கு நோட்டீஸ் அனுப்பிவிட்டு மறந்துவிடுவதும் உண்டு. 36 மணி நேரத்தில் சுட்டியை எடுத்துவிடுவார்கள், சரி. 21 நாளுக்குள் நீதிமன்ற ஆணையைக் காட்டாவிட்டால் அதைத் திரும்பவும் போட்டுவிடலாம்.

அப்புறம், எதிர்த்தரப்பு இல்லாமலே தடையாணை கிடைத்ததும் காபி குடிக்கப் போய்விடாதீர்கள். மனு, பிரமாணப் பத்திரம், ஆவணங்கள் எல்லாவற்றையும் தெரிந்த பிரதிவாதிகளுக்கு உடனே அனுப்பி, அனுப்பியதற்கான பிரமாணப் பத்திரத்தை அன்றோ மறுநாளோ தாக்கல் செய்ய வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39-ஆம் கட்டளை, 3-ஆம் விதி. தடையாணையை நீக்கக் கேட்டு வரும் வக்கீல் முதலில் தேடுவது அந்தத் தேதியைத்தான்.