இன்ஜின் சூடாகிறதா? டெம்பரேச்சர் கன்னைக் கொண்டு கோளாறைத் தேடும் முறை

கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றிக் கன் இந்த வேலைக்கு ஆகாது. அது சுமார் 43 டிகிரியோடு நின்றுவிடும். 300 டிகிரிக்கு மேல் காட்டும் தொழிற்சாலை வகை வேண்டும். அதன் மேல் 12:1 என்று போட்டிருந்தால், 12 செ.மீ. தள்ளிப் பிடிக்கும்போது 1 செ.மீ. வட்டத்தின் சராசரிச் சூட்டைக் காட்டும் என்று பொருள். ஒரு மீட்டர் தள்ளி நின்றால் வட்டம் 8 செ.மீ.க்கு விரிந்து, ஹோஸோடு அதன் பின்னால் இருப்பதையும் சேர்த்து அளக்கும். சிவப்பு லேசர் குறி பார்க்க மட்டும்தான், அது அளப்பதில்லை.

அதைவிடப் பெரிய ஏமாற்று, பளபளக்கும் உலோகம். 90 டிகிரியில் கொதிக்கும் அலுமினிய ஹவுசிங்கை (உறையை) 50 என்று காட்டுவது சகஜம். அளக்கும் இடத்தில் ஒரு ரூபாய் நாணய அளவுக்கு மங்கல் கறுப்பு பெயின்ட் அடியுங்கள், அல்லது மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ரப்பர் ஹோஸுக்கும் துருப்பிடித்த வார்ப்பிரும்புக்கும் இது தேவையில்லை.

முதலில் தெர்மோஸ்டாட், அதாவது கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) சூடானதும் திறந்து அதை ரேடியேட்டருக்கு விடும் வால்வு. இன்ஜின் முழுதாக ஆறியிருக்கும்போது கூலன்ட் அளவைப் பாருங்கள். கூலன்ட் குறைந்திருந்தாலும் உள்ளே காற்று அடைத்திருந்தாலும் பழி தெர்மோஸ்டாட் மேல்தான் விழும். ஏசியை அணைத்து, இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு இடங்களை அளந்து எழுதுங்கள்: தெர்மோஸ்டாட் ஹவுசிங், மேல் ஹோஸ் ரேடியேட்டரில் சேரும் முனை. ஹவுசிங் ஏறிக்கொண்டே போகும், ஹோஸ் பின்தங்கியே இருக்கும். வால்வு திறக்கும் சூட்டில் (பெரும்பாலும் 82 அல்லது 88, வால்விலேயே பொறித்திருக்கும்) ஹோஸ் சட்டென்று எகிற வேண்டும். ஹவுசிங் 100ஐத் தாண்டியும் ஹோஸ் அசையவில்லை என்றால் வால்வு மூடியபடி சிக்கியிருக்கிறது. உடனே இன்ஜினை அணையுங்கள். தொடக்கத்திலிருந்தே இரண்டும் கைகோத்து மெதுவாக ஏறினால் திறந்தபடி சிக்கியிருக்கிறது, அல்லது முன்பு யாரோ ஒரு மெக்கானிக் கழற்றி வீசியிருக்கிறார். நம் ஊரில் இது அடிக்கடி நடக்கும். அப்படிக் கழற்றினால் சூடாகும் காரணம் தீராது, மைலேஜ்தான் குறையும்.

சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும். அவற்றில் மேல் ஹோஸ் முன்னதாகவே சூடாவது இயல்பு. சட்டென்ற தாவலைக் கீழ் ஹோஸில் தேடுங்கள்.

அடுத்து ரேடியேட்டர். இன்ஜின் அணைந்திருந்தாலும் மின்விசிறி தானாகச் சுழலத் தொடங்கலாம், கை ஜாக்கிரதை. முன்பக்கத்திலிருந்து அளந்தால் ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கன்டென்சரின் சூடுதான் வரும். இன்ஜின் பக்கமிருந்து, எட்டும் இடைவெளிகளில் அளக்க வேண்டும். கூலன்ட் நுழையும் பக்கத்திலிருந்து வெளியேறும் பக்கம் வரை சூடு படிப்படியாகக் குறைவதே சரி. நடுவில் ஒரு திட்டு மட்டும் அதைச் சுற்றியுள்ள பகுதியைவிட 15 டிகிரி குளிர்ந்திருந்தால் அங்கே குழாய்கள் அடைத்திருக்கின்றன. வருடக்கணக்காக போர் தண்ணீர் ஊற்றிய வண்டிகளில் உப்புப் படிவம் இதைத்தான் செய்யும். இன்ஜின் சூடாகியும் மேல், கீழ் ஹோஸ்களுக்கு இடையே வித்தியாசமே இல்லையென்றால் காற்றோட்டம் போதவில்லை: ஃபின்களில் (ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளில்) மண், அல்லது ஃபேன் ஓடவில்லை. மேல் ஹோஸ் கொதித்து, கீழ் ஹோஸ் கிட்டத்தட்ட குளிர்ந்தே இருந்தால் கூலன்ட் ஓட்டம் இல்லை. வாட்டர் பம்ப்பையும் ரேடியேட்டர் அடைப்பையும் சந்தேகியுங்கள்.

டேஷ்போர்டு முள் சிவப்பில் நிற்க, பெயின்ட் அடித்த ஹவுசிங் 85 காட்டுகிறதா? கூலன்ட் அளவு சரியாக இருந்தால் சென்சாரையும் ஒயரையும் பாருங்கள். மேற்பரப்பு எப்போதும் உள்ளே ஓடும் கூலன்டைவிடச் சில டிகிரி குறைவாகவே இருக்கும். அந்த வித்தியாசத்துக்காகச் சென்சாரை மாற்றாதீர்கள்.

இன்ஜின் உதறினால் இதே கன் மிஸ்ஃபயரையும் (ஒரு சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாததையும்) காட்டிக்கொடுக்கும். ஆறிய இன்ஜினை இயக்கி, ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களின் புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த்தொகுதியில்) ஒவ்வொரு சிலிண்டரின் வாயிலையும் ஒரே தூரத்தில் அளங்கள். தெளிவாகக் குளிர்ந்து கிடப்பதே எரியாத சிலிண்டர். தாமதித்தால் பக்கத்துச் சூடு பரவி வித்தியாசம் மறைந்துவிடும்.

ஹெட் கேஸ்கெட் (சிலிண்டர் ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) கசிவை மட்டும் இந்தக் கன்னால் உறுதிசெய்ய முடியாது. அதற்குக் கூலன்டில் சிலிண்டரில் எரிந்த வாயு கலந்திருக்கிறதா என்று சோதிக்க வேண்டும்.